‘டென்’ என்ற சொல்லோடு குடித்தனம்: வியட்நாமுக்குப் புதிதாக வரும் கறுப்பினத்தவருக்கு

லாகோஸோ ஜமைக்காவோ அட்லாண்டாவோ, எங்கிருந்து வந்த கறுப்பினத்தவராக இருந்தாலும் வியட்நாமில் முதல் வாரமே காதில் விழும் சொல் ‘தெய் டென்’. தெய் என்றால் மேற்கு, மேற்கத்தியர். டென் என்றால் கறுப்பு. வெள்ளைக்காரர் வெறும் தெய். நீங்கள் கறுப்புத் தெய். இந்தப் பட்டத்திலிருந்து நகர்ந்து தெருவுக்கு ஓர் அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ ஆவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. காகிதம், வீடு, வேலை, முடிவெட்டு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆறு மாதமாவது தங்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கறுத்த நிறத்தோடு அங்கே வேலைக்குப் போகும் தமிழருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கிளம்பும் முன்

இ-விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் கிடைக்கிறது. அதிகபட்சம் 90 நாள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். இதை வைத்துக்கொண்டு வேலை பார்த்துப் பிடிபட்டால் நாடு கடத்தல் வரை போகலாம். வேலை அனுமதிக்குப் பட்டச் சான்றிதழும், குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். இரண்டையும் முதலில் உங்கள் வெளியுறவுத் துறையும் பிறகு வியட்நாம் தூதரகமும் முத்திரையிட்டுத் தர வேண்டும். போலீஸ் சான்று 6 மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது.

ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்தக் கண்டத்தில் வியட்நாமுக்குத் தூதரகங்கள் குறைவு. கானாக்காரர் அபுஜாவைத் தேடிப் போக வேண்டும், கென்யாக்காரர் தார் எஸ் சலாமை. வந்திறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், அசல் சான்றிதழைக் கூரியரில் ஊருக்குத் திருப்பி அனுப்பி, யாரையாவது பிடித்து அலையவிட்டு, அதற்குள் விசா முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் இரண்டு ஆண்டாவது மிச்சம் இருக்கட்டும். ஹனோயில் தூதரகம் வைத்திருக்கும் ஆப்பிரிக்க நாடுகள் சில உண்டு. உங்கள் நாடு அதில் இல்லையென்றால் புதுப்பிக்க வேறு நாட்டுக்குப் பறக்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்கான தலைமுடி எண்ணெய், ஷியா வெண்ணெய், அகலப் பல் சீப்பு, உங்கள் நிறத்துக்கான முகப்பூச்சு, 44-க்கு மேற்பட்ட அளவென்றால் இரண்டு ஜோடி செருப்பு, காலணி. அரிசி, மசாலா, வெந்நீர்க் கெண்டி எதுவும் வேண்டாம். அங்கே எல்லாம் மலிவு.

வீடு: கதவு திறப்பதும் பதிவு போடுவதும்

தொலைபேசியில் ‘வீடு காலி’ என்று சொன்ன வீட்டுக்காரர், நேரில் பார்த்ததும் ‘இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டார்’ என்பது நடக்கும். ஆப்பிரிக்கர் சிலர் இணைய மோசடியில் கைதான செய்திகள் தொலைக்காட்சியில் ஓடியிருக்கின்றன. வீட்டுக்காரரின் பயம் பெரும்பாலும் அதிலிருந்தும், அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்பதிலிருந்தும் வருகிறது. நியாயமான பயமா என்று வாதாடி வீடு கிடைக்காது. செய்ய வேண்டியது, வடிகட்டலை முன்னாலேயே முடித்துக்கொள்வது. முதல் செய்தியிலேயே உங்கள் புகைப்படம், நாடு, வேலை, எத்தனை மாதம் என்று ஸாலோவில் அனுப்பிவிடுங்கள். (அங்கே வாட்ஸ்அப் போணியாகாது, எல்லாம் ஸாலோதான்.) மறுக்கிறவர் அப்போதே மறுத்துவிடுவார், டாக்சிக் காசு மிச்சம். வேலை இடத்து வியட்நாமியர் ஒருவர் உங்கள் சார்பில் இரண்டு நிமிடம் பேசினால், மூடிய கதவுகளில் பல திறக்கும்.

முன்பணம் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை. வீட்டைப் பார்க்காமல் ஒரு டாங் (வியட்நாம் நாணயம்) கூட அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் இருமொழியில் இருக்கட்டும். மின்சாரத்துக்கு அலகுக்கு 3,500 முதல் 4,000 டாங் கேட்பார்கள். அரசு விலையைவிட அதிகம்தான், எல்லா வெளிநாட்டவரிடமும் கேட்பதுதான். குடிபுகும் அன்று மீட்டரைப் படம் எடுத்து ஸாலோவிலேயே அனுப்பிவையுங்கள்.

இனி இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. நீங்கள் தங்கும் செய்தியை வீட்டுக்காரர் 12 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் (தொலைதூரப் பகுதியென்றால் 24 மணி). 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வரி கட்ட வேண்டியிருக்குமே என்று சில வீட்டுக்காரர் தள்ளிப் போடுவார்கள். ‘பதிவு போடுவீர்களா’ என்று முன்பணம் தருவதற்கு முன்பே கேளுங்கள். இழுத்தால் அந்த வீடு வேண்டாம். பதிவு இல்லாத வெள்ளைக்காரர் ஒரு வருடம் யார் கண்ணிலும் படாமல் ஓட்டிவிடலாம். உங்களை முதல் நாளே தெரு முழுக்கப் பார்த்துவிடும். யாராவது கேட்கும்போது காட்ட, பதிவின் ஸ்கிரீன்ஷாட் கைப்பேசியில் இருக்கட்டும்.

முகவரி பற்றி ஒன்று: 2025 ஜூலை 1 முதல் மாகாணங்கள் 63-லிருந்து 34 ஆயின, மாவட்ட அடுக்கு போய்விட்டது. ஆனால் சைகோனில் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) இன்னும் எல்லோரும் ‘மாவட்டம் 1’, ‘மாவட்டம் 7’ என்றுதான் பேசுகிறார்கள். படிவத்தில் புது வார்டு பெயர், டாக்சியில் பழைய மாவட்டப் பெயர்.

‘டென்’ எப்போது உங்களைப் பற்றியது, எப்போது இல்லை

மொழி தெரியாத முதல் மாதத்தில் இந்த ஒரே சொல் நாள் முழுக்கக் குத்தும். பாதி நேரம் அது உங்களைப் பற்றியே இருக்காது.

‘கா ஃபே டென்’ என்றால் பால் இல்லாத காப்பி. ‘டென் க்வா’ என்றால் ‘அடச்சே, கெட்ட நேரம்’. லாட்டரிச் சீட்டைக் கிழித்துப் போடுகிறவர் சொல்வார். சீட்டாட்டக்காரர் சொல்லும் ‘டென் பாக், டோ தின்’ என்பதற்குச் சூதில் கறுப்பு, காதலில் சிவப்பு என்று பொருள், தோற்றவனுக்கு ஆறுதல். கணவாய் மீனை மாதப் பிறப்பில் பலர் தொடமாட்டார்கள், அதன் மை கறுப்பு என்பதால். வீட்டில் கறுத்துப் பிறந்த பிள்ளையை ‘டென்’ என்றே கூப்பிடுவதும் உண்டு. நம் ஊர்க் கருப்பாயி, கருப்பசாமி மாதிரி. நாட்டின் புகழ்பெற்ற ராப் பாடகர் ஒருவரின் மேடைப்பெயரே டென்தான்.

உங்களைப் பற்றியவை: ‘தெய் டென்’, கறுப்பு அமெரிக்கர் என்ற பொருளில் ‘மி டென்’, ஆப்பிரிக்கர் என்ற ‘சாவ் ஃபீ’, கறுப்புத் தோல் என்ற ‘யா டென்’. இந்த யா ஹனோயில் ‘ஸா’ ஆகிவிடும். தெற்கில் கற்ற காது வடக்கில் ஏமாறும். இவற்றில் வசை இல்லை, நாசூக்கும் இல்லை. சந்தையில் மீன் விற்கும் அம்மா ‘அந்தக் கறுப்புத் தெய்க்கு ரெண்டு கிலோ’ என்று மகளிடம் சொன்னால் அது அடையாளம். ‘மோய்’ என்ற சொல் மட்டும் வேறு. காட்டுமிராண்டி என்ற பொருளில் மலைவாழ் மக்களை இழிவாகக் குறிக்கப் புழங்கிய வசை அது. உங்களைப் பார்த்து யாராவது சொன்னால், தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

‘கி’ என்றால் குரங்கு. இங்கே நிதானம் வேண்டும். 1992-இல் பிறந்தவர் குரங்கு ஆண்டுக்காரர். பிறந்த ஆண்டைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மலர்ந்த முகத்தோடு ‘கி!’ என்றால் அது சோதிடம். பாட்டி பேரனைச் செல்லமாகத் திட்டவும் அதே சொல்தான். கூட்டமாக நின்று, உங்களைக் காட்டி, சிரித்துச் சொன்னால் மட்டும்தான் அது நீங்கள் நினைக்கிற பொருள்.

சிறுவர்கள் ‘ஒபாமா!’ என்று கத்துவார்கள். அவர் 2016 மே மாதம் ஹனோய் வந்து பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து புன் சா தின்றது இன்னும் ஊர்ப் பேச்சு. கொஞ்சம் உடற்கட்டு இருந்தால் கால்பந்து வீரர் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். காரணம் இருக்கிறது: வி.லீக் அணிகளில் ஆப்பிரிக்கர் ஆடுவது பல ஆண்டுப் பழக்கம். நைஜீரியாவில் பிறந்த சாம்சன் வியட்நாம் குடியுரிமை வாங்கி ஹோவாங் வூ சாம்சன் ஆனார். பிரேசிலில் பிறந்த நுயென் சுவான் சோன் 2024 ஆசியான் கோப்பையில் 7 கோல் அடித்து நாட்டையே தெருவில் ஆடவைத்தார். பேச்சைத் தொடங்க அந்தப் பெயர் ஒன்று போதும்.

முதியவர்களின் நினைவு வேறு. பிரெஞ்சுக் காலத்தில் செனகல், மொராக்கோ சிப்பாய்கள். பிறகு அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பிறந்து, ‘கலப்புப் பிள்ளை’ என்று ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர்கள். எண்பது வயதுப் பெரியவர் உங்களை உற்றுப் பார்த்தால் அந்தப் பார்வை உங்களைத் தாண்டி எங்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுமுறை: இதைக் கற்றால் பாதி வேலை முடிந்தது

வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ தனியாக இல்லாத மாதிரிதான். எல்லாம் உறவுப் பெயர். ‘அக்கா சொல்றேன் கேளு’ என்கிறோமே, அங்கே நாள் முழுக்க அப்படித்தான் பேச்சு. கொஞ்சம் மூத்த ஆண் ‘அன்’, பெண் ‘சி’. உங்களை ‘எம்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இளையவர் எல்லோரும் ‘எம்’; அப்போது நீங்கள் அன் அல்லது சி. அப்பா அம்மா வயதினர் ‘சூ’, ‘கோ’; இன்னும் மூத்தால் ‘பாக்’; தாத்தா பாட்டி வயதுக்கு ‘ஓங்’, ‘பா’. பெரியவர்கள் முன் நீங்கள் தெற்கில் ‘கோன்’, வடக்கில் ‘சாவ்’. கூப்பிடும்போது பின்னால் ‘ஓய்’ சேர்க்க வேண்டும்: ‘சி ஓய்!’ நம் காதுக்கு அதட்டலாகக் கேட்டாலும் அங்கே அதுதான் மரியாதை.

பாடப்புத்தகம் ‘தோய்’ (நான்) என்று ஒன்றைச் சொல்லித்தரும். தப்பில்லை, ஆனால் விறைப்பு. தோய் என்று பேசுகிற வரை நீங்கள் தெருவுக்குத் தெய்தான்.

அறிமுகமான இரண்டாவது நிமிடம் வயது கேட்பார்கள். வம்பு இல்லை, வயது தெரியாமல் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. வயதுக்குப் பதில் பிறந்த ஆண்டைச் சொல்லுங்கள். கருவிலிருந்த காலத்தையும் ஒரு வயதாகச் சேர்க்கும் வழக்கம் இருப்பதால் எண் குழம்பும். அடுத்த கேள்வி, கல்யாணம் ஆயிற்றா. ஆகவில்லையென்றால் ‘கோங்’ (இல்லை) என்று சொல்லாதீர்கள், ‘சுவா’ (இன்னும் இல்லை) என்று சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால் கதவைச் சாத்தின மாதிரி. ‘குண்டாயிட்டே’, ‘இன்னும் கறுத்துட்டே’ என்பதெல்லாம் நலம் விசாரிப்பு. நம் ஊரில் கேட்காததா?

பெயரை இரண்டு அசைக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘கிறிஸ்டோஃபர்’ யார் வாயிலும் நுழையாது. ‘குவாமே’ நன்றாகவே வரும். பெயர் வாயில் நின்றால்தான் ‘அன் குவாமே’ ஆவீர்கள். நிற்காவிட்டால் ‘டென்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு முன்னோடி நம் ஆட்களே. சைகோனில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன பிரெஞ்சுக் குடிமக்கள், துணி விற்ற முஸ்லிம்கள் எல்லோரையும் தெற்கத்தியர் ‘சா வா’ என்றார்கள். ஜாவா என்பதன் திரிபு. நாளடைவில் அது ‘அன் பாய் சா’ ஆனது. அன் பாய் என்றால் ஏழாம் அண்ணன். பற்பசை ஒன்றின் உறையில் வெள்ளைப் பல் காட்டிச் சிரிக்கும் கறுத்த முகம் ஒன்று 1975-க்கு முந்தைய சைகோன் முழுக்கத் தெரியும். ஹைனோஸ் பற்பசை, அந்த முகத்துக்கும் பெயர் அன் பாய் சாதான். கேலியும் பாசமும் ஒரே குடுவையில். இன்றும் உங்கள் பல்லை யாராவது பாராட்டினால் எரிச்சல்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். சா வா என்ற பெயரில் சைகோனில் ஒரு பாலம் இருக்கிறது. பென் தான் சந்தைக்கு அருகே மாரியம்மன் கோவிலும் இருக்கிறது, கும்பிட வருவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

வேலை

ஆங்கிலம் கற்பிக்கும் வேலைதான் பலருக்கும் வாசல். 120 மணி நேரப் பயிற்றுநர் சான்றிதழும் பட்டமும் அடிப்படை. அமெரிக்க, பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் ‘தாய்மொழியாளர்’ கணக்கு. நைஜீரியா, கானா, கேமரூன், இந்தியா என்றால், பிறந்தது முதல் ஆங்கிலம் பேசியிருந்தாலும் சி1 எனும் உயர்நிலைத் தேர்ச்சிக்கான தேர்வுச் சான்று கேட்பார்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதி வாங்கிக்கொண்டே வாருங்கள்.

நிறத்தைச் சொல்லி மறுப்பது உண்டு. ‘பெற்றோர் விரும்ப மாட்டார்கள்’ என்பது வழக்கமான வாசகம். 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது, இனம், தோல் நிறம் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. ஆனால் நேர்காணலுக்கே கூப்பிடாததை நிரூபிக்க வழியில்லை. வீட்டுக்குச் சொன்ன உபாயமே இங்கும்: முதல் பேச்சைக் காணொளி அழைப்பில் வையுங்கள். பிறகு 15 நிமிட மாதிரி வகுப்புக்கு நீங்களே முன்வாருங்கள். பெற்றோர் பார்க்கும் மாதிரி வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிட்டால் மேலாளரின் தயக்கம் அங்கேயே தீரும்.

வேலை அனுமதி வாங்கித் தருவது யார் பொறுப்பு, மணிக்கணக்குச் சம்பளம் வரிக்கு முன்னா பின்னா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வரி 20 சதவீதம். அதற்கு மேல் தங்கினால் படிநிலை விகிதம்.

ஒரு சின்னக் கண்ணி: அனுமதிக்கு 4×6 செ.மீ. படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே முகத்தைக் கணினியில் இரண்டு மூன்று படி வெளுத்துவிடுவார். அங்கே அது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. படமும் பாஸ்போர்ட்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடலாம். எடுப்பதற்கு முன்பே ‘வெளுக்காதீர்கள்’ என்று மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிவிட்டு, அச்சிடும் முன் திரையில் பாருங்கள். வங்கிச் செயலியின் முகச் சோதனைக்கும் சன்னலைப் பார்த்து நில்லுங்கள். விளக்குக்கு முதுகு காட்டி நின்றால் கருவி முகத்தையே தேடும்.

தலையும் தோலும்

நடைபாதைச் சலூன்காரர் நேர்முடிக்குக் கைதேர்ந்தவர். சீப்பால் இழுத்துப் பிடித்து, நுனியை நறுக்குவார். சுருள்முடியை அப்படி இழுத்து வெட்டினால் விட்டதும் சுருண்டு உள்வாங்கி, தலையில் அங்கங்கே பள்ளம் விழும். ஆகவே: தலையை நனைக்க விடாதீர்கள், உலர்ந்தே இருக்கட்டும். கத்தரியைத் தள்ளி, இயந்திரத்தைக் காட்டுங்கள். இயந்திரத்தில் மாட்டும் சீப்பு மூடி எந்த எண் என்பதை விரலால் காட்டுங்கள்: 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6 மி.மீ. பின்கழுத்தில் சவரக்கத்தி வேண்டாம். வழித்த சுருள்முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளம் போடும். முடிந்ததும் காது குடைய வருவார். சிரித்துக்கொண்டே எழுந்துவிடுங்கள். பின்னல், சடைக்கு சைகோனிலும் ஹனோயிலும் வசிக்கும் ஆப்பிரிக்கப் பெண்களே கதி; வார இறுதிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தலைக்கவசம் 2007 டிசம்பர் முதல் கட்டாயம். உச்சியில் கட்டிய சடையின் மேல் கவசம் உட்காராது. உட்கார்ந்தாலும் விழும்போது முதலில் கழன்று போகும். சடையைப் பின்கழுத்தில் தாழ்வாகக் கட்டி, அதன் பிறகு கடையில் கவசத்தைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாடகை மோட்டார் சைக்கிள்காரர் நீட்டும் கவசம் சேராது; சொந்தமாக ஒன்று கையோடு இருக்கட்டும்.

தலைமுடியைத் தொட வருவார்கள், அதிலும் பெண்களை. பிள்ளைகள் என்றால் குனிந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் தீரும் ஆசை. பெரியவர்கள் கேட்காமல் கைநீட்டினால் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, சிரித்து, ‘சி ஓய், கோங்’ என்றால் போதும்.

தோல் பூச்சுகளில் வெளுப்பாக்கும் சரக்கு இல்லாததைத் தேடுவதே பாடு. ‘சாங்’ (வெள்ளை) என்ற சொல் உறையில் இருக்கிறதா என்று கடைப் பெண்ணிடம் கேட்டு, இருந்தால் வைத்துவிடுங்கள். ஈரப்பதத்துக்கானது ‘யுவோங் ஆம்’. உறையில்லாமல் டப்பாவில் விற்கும் ‘கெம் சோன்’ என்ற கலவைப் பூச்சைத் தொடவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தவை அதில் உண்டு. நாற்பது டிகிரி வெயிலில் கையுறை, முகமூடி, முழுக்கை அணிந்து பெண்கள் வண்டி ஓட்டுவதற்குக் காரணமும் அந்த வெள்ளை மோகமே. வயலில் வேலை செய்பவர் கறுப்பர், நிழலில் இருப்பவர் வெளுப்பு என்ற பழைய கணக்கு. தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுப்படி

மேற்கு ஆப்பிரிக்கச் சமையலுக்கு இவ்வளவு தோதான ஆசிய நாடு வேறு இருக்குமா என்று தோன்றும். யொருபாக்காரர் ‘எவெடு’ என்று குழகுழவெனக் கடையும் சணல் கீரை வடக்குச் சந்தையில் ‘ஸாவ் டாய்’ என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவர்கள் நண்டுச் சாறில் போடுவார்கள். வெண்டைக்காய் தெற்கில் தாராளம். மரவள்ளி தெற்கில் ‘க்வாய் மீ’, வடக்கில் ‘சான்’. தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொழுந்து, பச்சை வேர்க்கடலை, உலர்ந்த இறால், ஆட்டுக்கறி எல்லாம் உண்டு. கசப்பிலைகூட ‘லா டாங்’ என்று நாற்றாக விற்கிறது. தொட்டியில் குச்சியை நட்டால் பிடித்துக்கொள்ளும். கிடைக்காதவை சிவப்புப் பனையெண்ணெயும் எகுசி விதையும்.

சாலையும் போலீசும்

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தரப்பட்டதாக இருந்தால்தான் செல்லும். அமெரிக்கர் கையிலிருப்பது 1949 வகை, செல்லாது, இந்தியருக்கும் அப்படியே. விபத்தானால் காப்பீடும் கைவிரிக்கும். குடித்துவிட்டு ஓட்ட அனுமதிக்கும் அளவு பூஜ்யம்; 2025 ஜனவரி முதல் சிவப்பு விளக்கைத் தாண்டினாலே மோட்டார் சைக்கிளுக்கு 40 முதல் 60 லட்சம் டாங் அபராதம். பணம் எண்ணும்போது 20,000 தாளும் 5,00,000 தாளும் ஒரே நீலம் என்பதை மறக்காதீர்கள்.

இரவு விடுதி வாசலில் கறுப்பு ஆண்களிடம்தான் ‘சரக்கு இருக்கா’ என்று முதலில் கேட்பார்கள். பதிலே சொல்லாமல் நடந்துவிடுங்கள். போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை வரை உண்டு, விடுதிச் சோதனையில் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. போலீஸ் நிறுத்தினால் பாஸ்போர்ட் நகல், விசா, தங்கல் பதிவு மூன்றையும் கைப்பேசியில் காட்டுங்கள். அவசரத்துக்குப் போலீஸ் 113, ஆம்புலன்ஸ் 115.

உண்மையிலேயே அவமானப்படுத்தினால்

கத்தினால் தோற்றீர்கள். பலர் முன் குரல் உயர்த்தியவர் முகம் இழந்தவர் என்பது அங்கத்தியக் கணக்கு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கூட்டம் அவர் பக்கம் சாயும். அமைதியாக வியட்நாமியில் ஒரு வாக்கியம், ‘எனக்குப் புரிகிறது’ என்று சொன்னாலே பெரும்பாலோர் வெட்கித் தலைகுனிவார்கள். வேலை இடமானால் அன்றிரவு மேலாளருக்கு ஸாலோவில் தேதி, நேரம், சொன்ன சொல் என மூன்று வரி எழுதுங்கள். எழுத்தில் இருப்பதை அலட்சியம் செய்ய முடியாது. தெருவில் என்றால், முதல் மாதமே தெருமுனைக் காப்பிக் கடை அக்காவிடம் தினமும் ஒரு ‘கா ஃபே டென்’ குடித்துப் பழகிவைத்திருங்கள். உங்களுக்காக அவர் போடும் சத்தத்துக்கு எதிர்ப்பேச்சு இருக்காது.

தெத் பெருநாள்

தெத் எனும் சந்திரப் புத்தாண்டு அன்று வீட்டுக்குள் முதலில் கால்வைப்பவர் அந்த ஆண்டின் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவருகிறார் என்பது நம்பிக்கை. பிறந்த ஆண்டின் விலங்கு பொருந்துகிறதா என்று பார்த்து ஆளை முன்கூட்டியே அழைத்துவைப்பார்கள். எனவே முதல் நாள் காலை அழைப்பில்லாமல் எந்த வீட்டுப் படியும் ஏறாதீர்கள்; இது நிறத்துக்கான தடை இல்லை, பக்கத்து வீட்டு வியட்நாமியருக்கும் இதே விதிதான். யாராவது உங்களையே முதல் காலடிக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போங்கள். கறுப்புச் சட்டை வேண்டாம், சிவப்போ மஞ்சளோ போடுங்கள். வங்கியில் புதுத்தாள் மாற்றி, சிவப்பு உறையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50,000 டாங். வலது காலா இடது காலா என்று தயங்கினால் வீட்டு அம்மாவையே கேட்டுவிடுங்கள், சொல்லித்தருவார்.